நிலைத்த வாழ்வுக்குக் கணக்கு எழுதியவர்: ஜே.சி. குமரப்பா

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் அடுத்த அறுவடை வரைக்குமான நெல்லைக் குதிரில் கொட்டி, விதை நெல்லைக் கோட்டை கட்டித் தனியே வைத்து, பின்னரே மிச்சத்தை விலைக்கு அளந்தவர்கள் நம் முன்னோர். நாளை மழை பெய்யுமோ பெய்யாதோ என்ற ஐயம் அவர்களுக்கு எப்போதும் இருந்தது. அந்த ஐயமே அவர்களைச் சிக்கனமுள்ளவர்களாகவும், அயலாருக்கு உதவுபவர்களாகவும் ஆக்கியது. இன்று குதிர் இல்லை. விதை நெல்லும் கடையில் வருகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பால் கிடைக்காமல் தவித்தோம். 2019ஆம் ஆண்டு கோடையில் அதே நகரில் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்றோம். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் ஊர்திகள் நின்றபோது, நம் அடுக்களைக்கு வரும் பொருள்கள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றன என்பதை முதன்முறையாக உணர்ந்தோம்.

எதிர்காலம் நிச்சயமற்றது, அதற்கு ஒரு குடும்பமும் ஓர் ஊரும் ஒரு நாடும் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சிந்தித்தவர் ஒருவர் நம் தமிழகத்தில் பிறந்தார். அவர் துறவி அல்லர், கணக்காய்வாளர். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் பெரும் பொருள் ஈட்டிக்கொண்டிருந்தவர், நடு வயதில் அதனைத் துறந்து சிற்றூர் மக்களின் கணக்கை எழுதப் புகுந்தார். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா அவர்களே அவர். அவருடைய வாழ்வை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ் அரசுப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் பக்தியும் ஈகையும் மிக்க அம்மையார். மக்கள் அனைவரும் நன்கு கல்வி பெற்றனர். அண்ணன் ஜே.எம். குமரப்பா பிற்காலத்தில் பம்பாயில் சமூகப் பணிக் கல்வி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். தம்பி பரதன் குமரப்பா தம் அண்ணனோடு சேர்ந்து கிராமத் தொழில் பணியில் ஈடுபட்டு நூல்களும் எழுதினார்.

முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே செல்லதுரை இலண்டன் சென்று கணக்கியல் பயின்று, தேர்ந்த கணக்காய்வாளர் ஆனார். போர் முடிந்தபின், 1919இல், தாயாரின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். பம்பாயில் தணிக்கைத் தொழிலை மேற்கொண்டார். சில ஆண்டுகளில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து சொந்த நிறுவனமே நடத்தினார். உடை, உணவு, பேச்சு அனைத்திலும் அவர் அக்காலத்தில் ஓர் ஆங்கிலக் கனவானாகவே இருந்தார். இந்தியாவை ஆங்கிலேயர் ஆள்வது இயல்பே என்று எண்ணிய தலைமுறையில் அவரும் ஒருவர்.

ஒரு கேள்வி பிறந்தது

1927ஆம் ஆண்டு ஓய்வுக்காக அமெரிக்கா சென்றார். சும்மா இருக்கும் இயல்பு அவருக்கு இல்லை. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிய மேற்படிப்பில் சேர்ந்தார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் செலிக்மன் என்னும் புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர்.

ஒரு நாள் இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது குறித்து ஒரு தேவாலயத்தில் செல்லதுரை சொற்பொழிவாற்றினார். அச்செய்தி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ணுற்ற பேராசிரியர், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு மாணவரைப் பணித்தார். ஆய்வு செய்யச் செய்ய, கணக்காய்வாளருக்கு உண்மை புலப்பட்டது. அரசின் வரவையும் செலவையும் ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்தபோது, ஏழை உழவனிடமிருந்து திரட்டிய வரி, அவனுக்குப் பயன்படாத படைச் செலவுக்கும், அயல்நாட்டுக் கடனுக்கும், உயர் அலுவலர் ஊதியத்திற்கும் கரைந்து போவதைக் கண்டார். அதுவரை பிறருடைய வணிகக் கணக்கைச் சரிபார்த்தவர், முதன்முறையாகத் தம் நாட்டின் கணக்கைச் சரிபார்த்தார். அந்தக் கணக்கு அவரையே மாற்றிவிட்டது. கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்து, குடும்பத்தின் பழைய தமிழ்ப் பெயராகிய குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டதும் இக்காலத்தில்தான்.

சபர்மதியில் ஒரு பிற்பகல்

1929இல் தாயகம் திரும்பியவர், தம் ஆய்வேட்டை அச்சிடும் முன்னர் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார். அடிகள் அதனைப் படித்துவிட்டு, மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்திற்கு வருமாறு அழைத்தார்.

அன்றைய நிகழ்ச்சியைக் குமரப்பா பிற்காலத்தில் பலமுறை நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். மேலைநாட்டு உடையும் கைத்தடியுமாக ஆசிரமம் சென்றார். தங்குவதற்குக் கொடுத்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லை. குறித்த நேரத்திற்குச் சற்று முன்பாகவே புறப்பட்டு ஆற்றங்கரை ஓரமாக நடந்தவர், ஒரு மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். இராட்டையை அதற்குமுன் பார்த்திராத அவர், கைத்தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் சென்றபின் அம்முதியவர் நிமிர்ந்து, நீங்கள்தாம் குமரப்பாவோ என வினவினார். அப்போதுதான் தம் எதிரே இருப்பவர் காந்தியடிகள் என்பது அவருக்கு விளங்கியது. விலையுயர்ந்த உடையின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே தரையில் அமர்ந்தார். யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். அடிகள் தரையில் இருக்கத் தாம் நாற்காலியில் அமர அவர் இசையவில்லை. அன்று தரையில் அமர்ந்தவர் அதன்பின் அந்த வாழ்வைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

காந்தியடிகள் அவருடைய ஆய்வைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். அத்துடன் ஒரு பணியையும் ஒப்படைத்தார்: குஜராத்தின் சிற்றூர்களில் நேரில் சென்று மக்களின் பொருளாதார நிலையை அளந்து எழுத வேண்டும் என்பதே அது.

மாதர் வட்டத்தில்

கேடா மாவட்டத்து மாதர் வட்டம் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை உடன் அழைத்துக்கொண்டு 54 ஊர்களை ஆராய்ந்தார். குஜராத்தி மொழியை அவர் அறியார். ஆயினும் கணக்கின் மொழியை அறிவார். ஒவ்வொரு வீட்டிலும் நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை, விதைக்கும் உழவுக்கும் ஆன செலவு என்ன, வந்த விளைச்சல் என்ன, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேட்டு எழுதினர். வழக்கறிஞர்கள் மேடையில் பேசியதைக் குமரப்பாவின் அட்டவணைகள் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தன. உழவனுக்கு மிச்சமே இல்லாத இடத்திலும் அரசு வரி வாங்குகிறது. ஆகவே அவன் வரியைக் கட்டுவது விளைச்சலிலிருந்து அன்று, கடனிலிருந்து என்பது தெளிவாயிற்று.

1930இல் உப்பு அறப்போர் தொடங்கியது. யங் இந்தியா இதழின் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. அதன் தொடர்ச்சியாகச் சிறையும் வந்தது. 1931இல் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையேயான கடன் கணக்கை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவில் அவர் முதன்மைப் பங்காற்றினார். மீண்டும் 1932இல் கைதாகி நாசிக் சிறையில் அடைக்கப்பட்டார்.

ஈகைப் பணத்தின் கணக்கு

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நாடெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. இராஜேந்திர பிரசாத் அவர்கள் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியில், பணக் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் அளிக்கப்பட்டது.

தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று அவர் விதி செய்தார். அவ்வேளையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னா வந்தார். அவர்களுக்கு வேண்டிய பாலும் பழமும் பெட்ரோலும் அந்த அளவைக் கடந்துவிடும். நிலநடுக்கத்தில் வீடிழந்தோருக்காக மக்கள் அளித்த பணத்திலிருந்து அச்செலவைத் தர இயலாது என்று அடிகளின் செயலரிடம் குமரப்பா நேரே கூறிவிட்டார். செய்தி அடிகளின் செவிக்கு எட்டியது. அவர் சினம் கொள்ளவில்லை; தம் குழுவின் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். பிறர்க்கென வந்த பொருளில் ஒரு காசும் இடம் மாறக் கூடாது என்ற உறுதியையும், அதனைத் தமக்கெதிராகவே காட்டினாலும் மகிழ்ந்து ஏற்ற பெருந்தன்மையையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி இது. ஊர்ப்பொதுப் பணத்தையும் கோயில் பணத்தையும் கையாளும் பொறுப்பிலுள்ளோர் அனைவரும் நினைவில் வைக்கத் தக்கது.

மகன்வாடிப் பள்ளி

அதே 1934ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் குமரப்பா. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டமே அதன் இருப்பிடம். மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அதற்கு மகன்வாடி என்று பெயரிட்டனர். சிறிது காலம் காந்தியடிகளும் அங்கேயே தங்கியிருந்தார்.

மகன்வாடியில் நடந்தவற்றை ஒரு பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம் போலவே வகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, நெல். ஆலையில் தீட்டிய வெள்ளரிசியில் தவிடும் முளையும் நீங்கிவிடுவதால், அவற்றிலுள்ள உயிர்ச்சத்தும் நீங்கிவிடுகிறது. பெரிபெரி நோய் வருவதற்கு அதுவே காரணம். கைக்குத்தல் அரிசியோ உடலுக்கும் நலம், குத்துபவருக்கும் கூலி. இரண்டாவது, எண்ணெய். ஊருக்குள் செக்கு ஓடினால் எண்ணெய் மக்களுக்கும் பிண்ணாக்கு மாட்டுக்கும் மாட்டின் எரு நிலத்துக்கும் சேரும். எண்ணெய் வித்து ஆலைக்குப் போனால் இம்மூன்றும் ஊரைவிட்டுப் போகும். மூன்றாவது, வெல்லம். கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். பனையோ எதுவும் விளையாத நிலத்தில் தானே நிற்கிறது. பனைவெல்லம் செய்தால், கரும்பு விளையும் நிலத்தில் தானியம் விளைவிக்கலாம். நான்காவது, விளக்கு. மண்ணெண்ணெய் அயல்நாட்டிலிருந்து வருவது. ஆகவே ஊரில் விளையும் தாவர எண்ணெயில் எரியுமாறு ஒரு விளக்கை அமைத்து மகன்தீப் எனப் பெயரிட்டனர். இவற்றோடு கையால் காகிதம் செய்தல், சோப்புச் செய்தல், புகை குறைந்த அடுப்பு, கழிவுகளை எருவாக்குதல் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. தேனீ வளர்ப்பும் அங்கு இருந்தது. தேனை விலக்கிய நம்மவர்க்கு அது உடன்பாடன்று என்பதையும் சொல்லிவிடுதல் முறை.

இவையனைத்தையும் பழமைப் பற்றினால் அவர் செய்தார் எனக் கருதுவது பிழை. ஒவ்வொரு கருவியையும் சோதித்தார், எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு பயன் என்று அளந்தார், கருவியைத் திருத்தினார். கிராம உத்யோக் பத்திரிகா என்னும் மாத இதழில் முடிவுகளை வெளியிட்டார். 1938இல் கிராமத் தொழில்களுக்கென ஓர் அருங்காட்சியகம் மகன்வாடியில் திறக்கப்பட்டது. அக்காலத்திலேயே மத்திய மாகாணத்தில் 606 ஊர்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலும் அழைப்பின் பேரில் சேர்ந்தார். பெருந்தொழில் வழியே அங்கு விரும்பப்படுவது கண்டு, சில மாதங்களில் விலகினார்.

காகிதப் பணமும் காலி வயிறும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியாவின் தானியமும் துணியும் பிற பொருள்களும் போருக்காக எடுத்துச் செல்லப்பட்டன. அதற்கு ஈடாக இலண்டனில் கடன் பத்திரம் எழுதி வைத்து, இங்கே நாணயத் தாள்களை அச்சிட்டனர். பண்டம் குறைந்து பணம் பெருகினால் விலை ஏறும். விலை ஏறினால் ஏழையே முதலில் பட்டினி கிடப்பான். கணக்கறிந்த குமரப்பா இதனை முன்னரே கண்டு, 1942இல் தம் இதழில் அரசைக் கடிந்து எழுதினார். அப்பம் கேட்டவனுக்குக் கல்லைக் கொடுப்பதற்கு ஒப்பானது இது என்பதே அக்கட்டுரையின் தலைப்பின் கருத்து. மறு ஆண்டே வங்காளத்தில் கொடிய பஞ்சம் பரவியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். அந்த அழிவுக்குக் காரணங்கள் பல. போர்க்கால விலையேற்றம் அவற்றுள் முக்கியமானது. அரிசி முற்றிலும் இல்லாததால் மட்டும் அவர்கள் இறக்கவில்லை. அதனை வாங்க வழியில்லாததாலும், ஊரில் சேமிப்பு இல்லாததாலும் இறந்தனர். எச்சரித்தவரோ அப்போது சிறையில் இருந்தார்.

சிறையில் விளைந்த நூல்

1945 வரை நீடித்த அச்சிறைவாசத்தில், ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதியதே நிலைத்த பொருளாதாரம் என்னும் நூல். உடன் இயேசுநாதரின் வாழ்வும் போதனையும் பற்றிய ஒரு நூலையும் எழுதினார். இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார்.

அந்நூலின் சாரத்தை எளிமையாகக் கூற முயல்கிறேன். இயற்கையில் இரு வகைச் செல்வங்கள் உள்ளன. நிலக்கரி, கல்லெண்ணெய், இரும்புத் தாது போன்றவை மண்ணுக்குள் ஓர் அளவோடு வைக்கப்பட்டவை. எடுக்க எடுக்கக் குறையும். குறையும் பொருளுக்குப் போட்டி வரும். போட்டியால் போர் வரும். மரமும் நீரோட்டமும் கால்நடையும் மனித உழைப்பும் மற்றொரு வகை. அளவறிந்து பயன்படுத்தினால் அவை தாமே புதுப்பித்துக்கொள்ளும். முன்னது தொட்டி நீர். பின்னது ஊற்று நீர். தொட்டி நீரை நம்பி வாழ்வை அமைத்தவன் என்றேனும் ஒரு நாள் தவிப்பான். அன்றாடத் தேவைகளை ஊற்று நீரைக் கொண்டே நிறைவேற்றுவதுதான் அறிவுடைமை.

உயிர்கள் உணவு தேடும் முறையையும் அவர் படிப்படியாக வகுத்தார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி அடிப்படியில் நிற்கிறது. தான் நட்டு வளர்க்காத தோட்டத்தில் பழம் பறிக்கும் குரங்கு அடுத்தது. பூவிலிருந்து எடுத்துக்கொண்டு, அப்பூ காய்ப்பதற்கும் உதவும் வண்டு அதற்கு மேல். தனக்கென்றில்லாமல் கூட்டத்துக்கெல்லாம் உழைக்கும் தேனீ அதனினும் மேல். கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவை உச்சியில் நிற்கிறது. மனிதனின் பொருளாதாரம் புலியின் படியிலிருந்து தாயின் படிக்கு ஏற வேண்டும் என்பது அவர் கொள்கை. கொல்லாமையை உண்பதில் மட்டுமின்றி, ஈட்டுவதிலும் செலவிடுவதிலும் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது.

பொருளை வாங்குபவனின் பொறுப்பைப் பற்றியும் அவர் அழுத்தமாக எழுதினார். ஒருவர் அருந்தும் ஒரு கோப்பைக் கோக்கோவை எடுத்துக்கொண்டார். அது விளைந்த ஆப்பிரிக்கத் தோட்டத்தில் தொழிலாளர் அடிமைபோல் நடத்தப்பட்டிருந்தால், அப்பாவத்தில் அருந்துபவருக்கும் பங்கு உண்டு என்றார். தொலைவிலிருந்து வரும் பொருள் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை நம்மால் அறிய இயலாது. அறிய இயலாத பாவத்திலிருந்து விலக, அண்மையில் செய்த பொருளையே வாங்குவது நலம் என்றார். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என வினை மூவகையாலும் வந்து சேரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இக்கருத்து புதியதன்று. ஆயினும் கடைத்தெருவில் நிற்கும்போது அதனை நினைவூட்டியவர் இவர்.

ஊருக்கு ஒரு திட்டம்

அறநெறி கூறியதோடு அவர் நிற்கவில்லை, அளவும் கூறினார். ஓர் இலட்சம் மக்கள் வாழும் பகுதியை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு வேண்டிய உணவும் உடையும் அப்பகுதியிலேயே விளைய எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் எனப் பட்டியலிட்டார். ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 16 அவுன்ஸ், பருப்பு 2 அவுன்ஸ், பால் 12 அவுன்ஸ், காய்கறி 8 அவுன்ஸ், பழம் 4 அவுன்ஸ், வெல்லம் 2 அவுன்ஸ் என்று அளந்தார். இவற்றோடு எண்ணெய், நெய், கொட்டைப் பருப்பு, கிழங்கு ஆகியனவும் சேர்ந்து 2,860 கலோரி ஆற்றல் கிடைக்கும். புலால் இல்லாமலே நிறைவான உணவு அமையும் என்பதை இப்பட்டியல் காட்டுகிறது. புலால் உண்போர் வேண்டுமானால் பாலில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அவர் விதித்த ஏற்பாடு. தேவை நிறைந்தபின் மிஞ்சும் நிலத்தில்தான் பணப்பயிர். பணப்பயிர் போக மிஞ்சியதில் உணவு என்பதன்று.

ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விளைந்த தானியத்தை ஊரிலேயே சேமித்து வைக்க வேண்டும். அரசுக்குரிய வரியையும் தானியமாகவே அளக்கலாம். ஊரிலுள்ள அலுவலருக்கு ஊதியத்தில் ஒரு பகுதியை அத்தானியமாகவே தரலாம் என்பதும் அவர் திட்டம். தானியம் தேவையின்றி ஊரைவிட்டு வெளியேறாது, இடையில் கெடாது, பஞ்சம் வந்தாலும் களஞ்சியம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றது. நிலச் சீர்திருத்தத்திற்கெனக் காங்கிரசு அமைத்த குழுவின் தலைமை குமரப்பாவுக்கு வந்தது. 1949இல் வெளிவந்த அறிக்கை, இடைத்தரகர் நீங்க வேண்டும், உழுபவருக்கே நிலம் சேர வேண்டும், ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மிகுபொருளுக்கு வரம்பு கட்டுதலை அணுவிரதமாக ஏற்ற இல்லறத்தாருக்கு, அதனை ஒரு நாட்டின் சட்டமாகவே கேட்ட இக்குரல் சிந்தனைக்குரியது. ஆயினும் அறிக்கையின் பெரும்பகுதி உடனே நடைமுறைக்கு வரவில்லை.

அணைகளும் எஃகு ஆலைகளுமே நாட்டின் முன்னேற்றம் என்று அரசு முடிவு செய்திருந்தது. அம்முடிவை எடுத்தவர்கள் குமரப்பாவின் சிறைத் தோழர்களே. அவர்களைக் கடிந்து எழுதும்போது அவர் நட்பைப் பார்க்கவில்லை. நாவில் காரம் மிகுந்தவர். நேரம் தவறுவோரைப் பொறுக்காதவர். இதனால் அவரை விட்டு விலகியோரும் உண்டு. ஒருமுறை தில்லியில் கூட்டமொன்றுக்குக் குதிரை வண்டியில் சென்றபோது, அச்சாலையில் குதிரை வண்டிக்கு இடமில்லை எனக் காவலர் தடுத்தனர். விரைந்து செல்லும் ஊர்திகளால் மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கு ஆபத்து நேரும் என்பதே காரணம் என்று நேரு விளக்கினாராம். அப்படியானால் ஆபத்தை விளைவிப்பவற்றையன்றோ தடுக்க வேண்டும், ஆபத்துக்கு ஆளாவோரைத் தடுப்பது என்ன நீதி என்று குமரப்பா வினவினார். அக்கேள்வி இன்றும் நம் சாலைகளில் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

1950களின் தொடக்கத்தில் சீனா, ஜப்பான், சோவியத் நாடு முதலியவற்றுக்குச் சென்று அவர்கள் நில முறையையும் சிறுதொழிலையும் நேரில் கண்டார். வார்தாவுக்கு அருகில் செல்தோ என்னும் சிற்றூரில் பண்ணை ஆசிரமம் அமைத்துத் தம் கொள்கைகளை உழவில் சோதித்தார். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. இரத்த அழுத்த நோய் முற்றியது.

கல்லுப்பட்டியில் இறுதி நாட்கள்

தமிழகம் திரும்பியவர், மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் 1940இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு ஆசிரமமே குடும்பம்; அங்குப் பயின்ற கிராமத் தொண்டர்களே மக்கள். எழுதுவதும், வருவோருடன் உரையாடுவதுமாக நாட்கள் கழிந்தன. நாடு தம் வழியில் செல்லவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அவ்வருத்தத்தால் தாம் கொண்ட வழியை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தம் 68ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த 13 ஆண்டுகளுக்குப்பின் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. அதே 1973ஆம் ஆண்டில் சூமாக்கர் என்னும் பொருளாதார அறிஞர் சிறியதே அழகு என்ற பொருள் தரும் தலைப்பில் வெளியிட்ட நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார். தமிழ்நாட்டில் ஒரு குடிலில் இருந்தவரின் சிந்தனை, மேலைநாட்டார் தேடும் பொருளாயிற்று.

இல்லந்தோறும் ஒரு பயிற்சி

குமரப்பாவைப் போற்றுவதற்குச் சிலை வேண்டுவதில்லை. ஒரு கணக்கேடு போதும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, அடுக்களையிலுள்ள இருபது பொருள்களை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வருகிறது, செய்தவர் யார், ஒரு மாதம் அது வராமற்போனால் நாம் என்ன செய்வோம் என்று எழுதட்டும். விடை தெரியாத இடங்களே நாம் ஆயத்தமாக வேண்டிய இடங்கள். மழைநீரைக் கிணற்றில் இறக்குவது, ஊரிலுள்ள செக்கிலும் தறியிலும் வாங்குவது, கிழிந்ததைத் தைப்பது, உடைந்ததைச் செப்பனிடுவது, சிறிதளவேனும் விதையைக் காத்து வைப்பது, ஊர்விட்டு நகரம் சேர்ந்தோர் தம் முன்னோர் நிலத்தைத் தரிசாக விடாமல் உழுவோர் கையில் வைப்பது ஆகியவை எளிய செயல்களே. வேண்டாதவற்றை வாங்கிக் குவித்துப் பதுக்குவது ஆயத்தம் ஆகாது. அயலார் பசியைப் பெருக்கும் செயல் அது. தேவையைக் குறைப்பதும், திறனைக் கூட்டுவதும், ஊராரோடு சேர்ந்து காப்பதுமே ஆயத்தம்.

குமரப்பா தம் அறையில் ஏழை உழவர் ஒருவரின் படத்தை வைத்திருந்தார் என்பர். அதனைக் கண்டு வினவியோரிடம், அவர் தம் குருவின் குரு என்று அறிமுகம் செய்வாராம். குரு காந்தியடிகள், அடிகளுக்கு வழிகாட்டியவர் அந்தப் பெயரறியா உழவர். இலண்டனில் பயின்ற கணக்காய்வாளர் இறுதியில் தம் கணக்கைக் காட்ட வேண்டியவராக ஏற்றுக்கொண்டது அவரைத்தான். நாமும் நம் வரவையும் செலவையும் எழுதும்போது, அதனைச் சரிபார்க்க அந்த உழவர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோமாக.